ஐ.என்.எஸ். கடலூரின் கதையைக் கடலூருக்குக் கொடுங்கள்

மதிப்புக்குரிய கடற்படை அதிகாரிகளுக்கும் கடலூர் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம். ஐ.என்.எஸ். கடலூர் எப்படிப்பட்ட கப்பல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோவியத் நாட்டில் கட்டி, 1987-இல் நம் கடற்படையில் சேர்ந்த மைன்ஸ்வீப்பர், அதாவது கடலில் வைத்திருக்கும் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல். 2018 மார்ச் 23 அன்று விசாகப்பட்டினத்தில் கொடியை இறக்கி அதற்கு ஓய்வு கொடுத்தீர்கள். நடுவில் முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எங்கே போய்ப் படிப்பது?

போன மாதம் என் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர் பள்ளிக் கண்காட்சிக்காக இந்தக் கப்பலைப் பற்றி அட்டை தயாரித்தார்கள். படம் கிடைத்தது. சேர்ந்த நாள், ஓய்வு பெற்ற நாள் கிடைத்தன. அப்புறம் ஒன்றுமில்லை. விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை, "அதான் கப்பலே போயிடுச்சே, இப்ப எதுக்கு சார்?" என்றார்கள். அட்டையில் பாதியை வெள்ளையாகவே விட்டுப் பிள்ளைகள் காட்சிக்கு வைத்தார்கள்.

என் அப்பா அந்தக் கப்பலில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. பின்தளத்தில், வடத்தை இறக்கி ஏற்றும் வின்ச் எந்திரத்துக்கு முன்னால் ஏழு பேர் நிற்கிறார்கள், கையுறையைக்கூடக் கழற்றவில்லை. கண்ணிவெடி வாருவது ஏர் ஓட்டுகிற மாதிரி என்பார் அப்பா. கத்தி பொருத்திய கம்பிவடத்தைக் கடலில் இறக்கி, ஒரே நேர்க்கோட்டில் மெதுவாகப் போய், திரும்பி, பக்கத்துக் கோட்டில் வர வேண்டும். ஒரு சால் விட்டுப்போனாலும் போச்சு. நீருக்குள் கட்டியிருக்கும் கண்ணியின் வடத்தைக் கத்தி அறுத்தால் கண்ணி மேலே மிதந்து வரும், அதைச் சுட்டு அழிப்பார்கள். பயிற்சியில் நாள் முழுக்க அந்த வெயிலில் நின்றதை அப்பா சொல்லும்போது, கை தானாக வடத்தைப் பிடிப்பதுபோல மடங்கும். ஆனால் படத்தில் இருக்கும் ஏழு பேரில் இரண்டு பேரின் பெயர் இப்போது அவருக்கு வரவில்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

1783 ஜூன் 20 அன்று பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் எங்கள் ஊர்க் கடலில் மோதினார்கள். எந்தக் கப்பலில் எத்தனை பீரங்கி என்பது வரைக்கும் இன்றைக்கும் படிக்கலாம். அவர்கள் எழுதி வைத்தார்கள், அதனால் படிக்கிறோம். நம் கொடியோடு, நம் ஊர்ப் பெயரோடு ஓடிய கப்பலுக்கு மட்டும் ஏன் நாலு வரி?

2019-இல் ஐ.என்.எஸ். கோழிக்கோடும் ஓய்வு பெற்றதோடு நம் கடற்படையில் மைன்ஸ்வீப்பரே இல்லாமல் போனது. தென்கொரிய நிறுவனத்தோடு சேர்ந்து 12 கப்பல் கட்டும் திட்டம் பேச்சோடு நின்றது. புதிதாக வாங்க 2025 ஜூலையில்தான் ஒப்புதல் வந்திருக்கிறது. இத்தனை பெரிய கடற்கரையை வைத்துக்கொண்டு இவ்வளவு தாமதமா என்று கோபம் வருகிறது. நாளைக்கு அந்தக் கப்பல்களில் ஏறப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல, பழைய கப்பலில் நின்றவர்கள் எத்தனை பேர் மிச்சமிருப்பார்கள்? சரி, அது என் எல்லைக்கு மீறிய பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக் கடலில் இந்தக் கப்பலை இறக்கிக் கடலடி அருங்காட்சியகம் ஆக்கப்போவதாக 2020-இல் செய்தி வந்தது. நல்லதுதான். ஆனால் முங்கிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தானே அது? கரையில் நிற்கும் எங்களுக்கும் ஏதாவது வேண்டும். கப்பலின் பணி வரலாற்றில் வெளியிடக்கூடியதைத் தமிழில் ஒரு சின்னப் புத்தகமாகப் போடுங்கள். எந்தத் துறைமுகத்தில் நின்றது, என்ன வேலை செய்தது, யார் யார் தலைமை ஏற்றார்கள், அதெல்லாம் அதில் இருக்கட்டும். மாவட்ட நிர்வாகம் ஊரில் ஓர் அறை ஒதுக்கி, அந்தக் கப்பலின் பொருள் ஒன்றிரண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். இந்த ஊரின் பெயரைத் தாங்கிய கப்பலின் கதை இந்த ஊரில் இருக்க வேண்டும். பணிவோடு கேட்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது ஆகிறது. எழுதிக்கொள்ள யாரையாவது அனுப்பினால் எல்லாம் சொல்லத் தயாராக இருக்கிறார். காலையில் வந்தால் நல்லது, அப்போதுதான் ஞாபகம் தெளிவாக இருக்கிறது.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து ஓர் ஆசிரியர்