மாவட்டப் பாரா தடகளப் போட்டிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள தன்னார்வலர்களே,

மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தத் தடகளப் போட்டி நல்லபடியாக நடந்து முடிந்தது. பதக்கப் பட்டியலில் உங்கள் பெயர்கள் வராது. அதனால் யார் என்ன செய்தீர்கள் என்பதை விளக்கமாகவே எழுதி நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி, நின்று எறிய முடியாத வீரர்கள் உட்கார்ந்து எறியும் இருக்கைகளைக் கவனித்துக்கொண்ட வெல்டிங் பட்டறை அண்ணன்மாருக்கும் லாரி ஷெட் தம்பிகளுக்கும். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதிலிருந்து உயரம் தாண்டுதல் பக்கம் நிற்க எல்லோருக்கும் ஆசை. இருக்கை கட்டத்தான் ஆள் கிடைப்பதில்லை. மெத்தையையும் சேர்த்து இருக்கையின் உயரம் 75 செ.மீ. தாண்டக் கூடாது. கால் வைக்கும் தட்டு உட்பட எந்தப் பகுதியும் எறியும் வட்டத்துக்கு வெளியே நீளக் கூடாது. பிடிகம்பி வளையக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தாலும், முன்னும் பின்னும் மட்டும் பெல்ட் போட்டால் குண்டைத் தள்ளும் வேகத்தில் இருக்கை ஒரு பக்கம் தூக்கிவிடும். நான்கு மூலையிலும் இறுக்கிப் பூட்டும் ராட்செட் பெல்ட்டைக் குறுக்காக இழுத்து, முளைகளை வெளிப்பக்கம் சாய்த்து அடித்தீர்கள். ஒவ்வொரு எறிதலுக்குப் பிறகும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்த்தீர்கள். ஒருவர் தன் எறிதல்களைத் தொடர்ச்சியாக முடித்த பிறகே அடுத்தவருக்கு இருக்கை மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் நீங்கள் காட்டிய வேகத்தால்தான் வெயில் ஏறுமுன் பிரிவு முடிந்தது.

வீரர்களைச் சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாற்றிய செவிலியர் கல்லூரி மாணவிகளுக்கு எங்கள் வணக்கம். பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது, "எப்படித் தூக்கணும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்பது, அக்குளில் கைகொடுத்து இழுக்காமல் இருப்பது, உடம்பை உரசி நகர்த்தாமல் தூக்கி வைப்பது என எதையும் நீங்கள் விடவில்லை. முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே தோல் உரிந்தாலும் தெரியாது. வீட்டுக்குப் போன பிறகுதான் புண் தெரியவரும். வெயிலில் கிடந்த இரும்பில் உட்கார்ந்தாலும் இதே கதிதான். இருக்கைகளின் மேல் ஈரச் சாக்கு போட்டு வைத்த தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் கீழுடம்பு சரியாக வியர்க்காது, சூடு உள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் குடித்தால் மட்டும் போதாது. தெளிப்பான் புட்டியும் ஈரத்துண்டுமாக நிழலில் காத்திருந்த உங்களால் ஒருவர்கூட மயங்கி விழவில்லை.

பார்வை ஏறக்குறைய முழுதும் இல்லாதவர்கள் ஓடும் டி11 பிரிவுக்குக் கைடு ரன்னர்களாக, அதாவது கயிற்றால் இணைந்து கூடவே ஓடி வழிகாட்டுபவர்களாக, வந்த கல்லூரி ஓட்டக்காரர்களே, உங்கள் வேலையில் வேகத்தைவிட அடக்கம் பெரிது. எல்லைக் கோட்டை வீரர்தான் முதலில் கடக்க வேண்டும். நீங்கள் முந்தினால் அவர் தகுதி இழப்பார். கயிற்றை இழுத்தாலும் தள்ளினாலும் அதே முடிவு. ஒரு ஜோடிக்கு இரண்டு லேன் தேவை என்பதால் எட்டு லேன் இருந்தாலும் ஒரு சுற்றில் நான்கு பேர்தான் ஓட முடியும். சுற்றுகள் கூடியபோது முகம் சுளிக்காமல் மறுபடியும் மறுபடியும் ஓட வந்தீர்கள்.

பார்வையற்றோர் நீளம் தாண்டுதலில் மைக்கை அணைத்துவிட்டு மைதானத்தையே அமைதியாக்கிய அறிவிப்பாளருக்கும் நன்றி. கைதட்டி அழைப்பவரின் ஓசைதான் அங்கே திசை; கூட்டத்தில் ஒருவர் கைதட்டினாலும் வீரர் கோணலாக ஓடிவிடுவார். இவர்களுக்குத் தாண்டும் பலகை கிடையாது. 1 மீட்டருக்கு 1.22 மீட்டர் பரப்பில் பவுடர் தூவி, பதிந்த காலடியிலிருந்து அளப்பார்கள். ஒவ்வொரு தாண்டலுக்கும் பிறகு குனிந்து பவுடரைச் சமன்படுத்திய பள்ளிப் பிள்ளைகளை நாங்கள் மறக்க மாட்டோம்.

குண்டுகளுக்கு வண்ண டேப் ஒட்டிப் பிரித்தவர்களுக்கும் நன்றி. உட்கார்ந்து எறியும் பிரிவுகளில் ஒன்றான எஃப்57இல் ஆண்களுக்கு 4 கிலோ, பெண்களுக்கு 3 கிலோ. கலந்துவிட்டால் அந்த எறிதலே செல்லாது. கழிப்பறை வாசலில் 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளப் பலகையைச் சரிவாகப் போட்ட தச்சருக்கும், சாப்பாட்டுப் பந்தியில் சக்கர நாற்காலி நுழையும்படி மேசைகளைத் தள்ளிப் போட்ட சமையல் குழுவுக்கும், எறிந்த குண்டைத் திருப்பி எறியாமல் கையிலேயே எடுத்து வந்த என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கும் நன்றி.

கைடு ரன்னர்களிடம் ஒரு வேண்டுகோள். கை வீச்சும் அடியும் ஒத்துவரப் பல வாரங்கள் ஆகும். அடுத்த போட்டிக்கு முதல் நாள் வந்து பழகிக்கொள்ள முடியாது. உங்களோடு ஓடியவரின் ஊர் பக்கத்தில் இருந்தால் இந்த மாதமே சேர்ந்து பயிற்சியைத் தொடங்குங்கள். கயிறும் கண்மறைப்பும் எங்களிடம் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
போட்டி ஏற்பாட்டுக் குழுவினர்