டிஸ்க்கைத் துடைக்கும் முன்: கொழும்பு வீடியோ எடிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எடிட்டர்களுக்கும் ஸ்டூடியோ உரிமையாளர்களுக்கும்,

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சின்னச் சின்ன அறைகளில் இருந்து கலியாண வீடு, சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று எடிட் செய்கிறோம். மிச்சக் காசு கைக்கு வந்ததும் டிஸ்க்கைத் துடைத்து அடுத்த வேலையை ஏற்றுகிறோம். நானும் அப்படித்தான் செய்து வந்தேன்.

போன வருடம் கனடாவிலிருந்து ஒரு பிள்ளை அழைத்தாள். 2012இல் அவளுடைய அம்மப்பாவின் எழுபதாவது பிறந்தநாளை எடிட் செய்தது நான். அம்மப்பா இப்போது இல்லை. அன்று அவர் எழும்பி, ஊரை விட்டு வந்த கதையைக் கால் மணி நேரம் சொன்னார். நான் அதை நாற்பது விநாடிக்கு வெட்டி, மேலே வயலின் போட்டிருந்தேன். "அண்ணா, அம்மப்பா கதைச்சது முழுக்க வேணும், மியூசிக் இல்லாமல்" என்றாள். என்னிடம் டிவிடி மட்டும்தான் இருந்தது. கலந்துவிட்ட குரலையும் வயலினையும் சுத்தமாகப் பிரிப்பது பெரும்பாடு. வெட்டி எறிந்த பதினான்கு நிமிடம் போனது போனதுதான்.

முடிந்த வீடியோ மட்டும் போதாது. கமராவிலிருந்து இறக்கியவை, தனியாகப் பதிந்த ஒலி, படங்கள், எதை எங்கே வெட்டினோம் என்ற விவரம் இருக்கும் புரொஜெக்ட் கோப்பு எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர வேண்டும். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் புரொஜெக்ட் மேனேஜர் அதைச் செய்யும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் புரொஜெக்ட்டை ஆர்கைவ் கொடுங்கள்; வெறும் எக்ஸ்போர்ட் கொடுத்தால் வெட்டிய விவரம் மட்டும்தான் கோப்பில் சேரும், காட்சி ஒன்றும் சேராது. எடிட் செய்யும்போது மென்பொருள் தானாக உருவாக்கும் ரெண்டர் கோப்புகளைத் தாராளமாக அழிக்கலாம், அவற்றைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்.

எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். நம் பழைய டைட்டில்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும்.

மென்பொருளையும் நம்பி இருக்க முடியாது. 2011இல் வந்த ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ், முந்தைய ஃபைனல் கட் 7இன் புரொஜெக்ட்டைத் திறக்கவில்லை. அதனால் டைம்லைனை, அதாவது வெட்டி அடுக்கிய வரிசையை, வேறு மென்பொருள்களும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாக எடுங்கள். டைட்டில் இல்லாத ஒரு மாஸ்டரை, அதாவது முடிந்த வீடியோவின் மூலப் பிரதியை, தரம் அதிகம் குறையாத புரோரெஸ் 422 வடிவில் வையுங்கள், குரலும் இசையும் தனித்தனித் தடங்களில் இருக்கட்டும். 1080 எச்டி அளவில் ஒரு மணி நேர வீடியோவுக்கு அது சுமார் 55 ஜிபிதான். அப்புறம், இரண்டு பிரதி. ஒன்று வேறு வீட்டில். 2016 மே வெள்ளம் கொலன்னாவையில் வீடுகளுக்குள் ஏறியதை நாம் பார்த்தோம்.

1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா சினிமா ஸ்டூடியோவை எரித்தபோது திரைப்படங்களின் நெகட்டிவ்கள் சாம்பலாயின. அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. நம் டிஸ்க்குகளை அழிப்பது நம் கைதான், அதை நிறுத்தலாம்.

ஸ்டூடியோ உரிமையாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்று பில்லிலேயே எழுதுங்கள். டிஸ்க் செலவைச் சேர்த்து வாங்குங்கள், தவறில்லை. துடைக்கும் முன் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு, "உங்கள் காட்சிகளை அழிக்கப் போகிறோம், வேணுமா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு எடிட்டர்