குழாய்ச் சத்தம் குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். சுவரை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று பிளம்பர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதற்கு இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். குழாய்ச் சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதைக் காட்டிலும், எந்த நேரத்தில் கேட்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வாஷிங் மெஷின் தண்ணீர் பிடிப்பதை நிறுத்தும் கணத்தில் ‘டம்’மென்று ஓர் அடி விழுகிறது, பிறகு சுவர் சற்று நேரம் அதிர்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரின் வழி சட்டென்று அடைபட்டால், அதன் வேகம் அழுத்தமாக மாறி, அலையாகக் குழாய் நெடுக முன்னும் பின்னும் போய் மோதும். மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி, ருஷ்ய அறிஞர் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி 1898-இல் இதற்கு வகுத்த கணக்கின்படி, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் இரும்புக் குழாயில் ஏறத்தாழ 13 பார் (‘பார்’ என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கூடும். உன் வீட்டிலுள்ள சி.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் குழாய் சற்று நெகிழக்கூடியது என்பதால் 4 அல்லது 5 பாரோடு போகும். மாடித் தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதனால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பார்.

வீட்டு உரிமையாளர் பிரஷர் பம்பு வைத்த பிறகே சத்தம் தொடங்கியது என்று நீயே எழுதியிருக்கிறாய். பம்பு தண்ணீரின் வேகத்தைக் கூட்டியது; மெஷினுக்குள் இருக்கும் மின்வால்வோ கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்கிறது. பழைய திருகு குழாய்களை மெதுவாகத்தான் மூட முடியும் என்பதால் அந்தக் காலத்து வீடுகளில் இத்தொல்லை குறைவு. இப்போதைய கால்சுற்றுக் குழாய்களை ஒரே தட்டில் மூடிவிடுகிறோம். ஆகவே முதலில் காசில்லாத சோதனையைச் செய்: மெஷினுக்குத் தண்ணீர் போகும் இடத்தில் சுவரிலிருக்கும் சிறிய வால்வை, அதாவது ஆங்கிள் காக்கை, பாதியளவு மூடிவிட்டு மெஷினை ஓட விடு. அடி குறைந்தால் காரணம் உறுதி. தண்ணீர் நிரம்பச் சற்று கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான்.

அதன் பின்னும் சத்தம் மிச்சமிருந்தால், டக்ட்டில், அதாவது குழாய்கள் மேலும் கீழும் போகும் இடைவெளியில், வெளியே தெரியும் குழாய்களை மாப்பிள்ளை கையால் தொட்டுப் பார்க்கட்டும். எங்கே அதிகம் துள்ளுகிறதோ அங்கே குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் கழன்றிருக்கும், அல்லது போடாமலேயே விட்டிருப்பார்கள். அரை அங்குலக் குழாய் படுக்கைவாட்டில் போகுமிடத்தில் சுமார் 3 அடிக்கு ஒன்று வேண்டும். ரப்பர் வைத்த கிளாம்ப் நல்லது. ஆனால் கீசர் குழாயை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. 3 மீட்டர் சி.பி.வி.சி. குழாய் 40 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டர் வரை நீளும். குளித்து முடித்த பிறகு கேட்கும் ‘டிக் டிக்’ பெரும்பாலும் அதுதான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இவை போதாவிட்டால், மெஷின் இணைப்பை ஒட்டியே ‘வாட்டர் ஹேமர் அரெஸ்டர்’ ஒன்றைப் பொருத்தச் சொல். அதற்குள் பிஸ்டனுக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் காற்று அடியை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக மேல்நோக்கி, முனை அடைத்த ஒரு முட்டுக் குழாய் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள்; அதிலுள்ள காற்று நாளடைவில் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

இரவில் யாரும் குழாயைத் திறக்காதபோதும் பம்பு விட்டுவிட்டு ஓடுகிறது என்றாயே, அது வேறு கோளாறு. எங்கோ தண்ணீர் கசிகிறது. முதல் சந்தேகம் ஃப்ளஷ் தொட்டியின் மேல்தான் விழ வேண்டும்: தொட்டியில் கொஞ்சம் காப்பி டிகாஷனை ஊற்றி, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டுப் பார்; பீங்கானில் நிறம் இறங்கினால் அடிவாஷரை மாற்ற வேண்டும். குழாயைத் திறந்து வைத்திருக்கும்போதும் பம்பு ‘டக் டக்’கென்று அடிக்கடி நின்று ஓடினால், அதன் சிறிய அழுத்தத் தொட்டியில் காற்று இறங்கியிருக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தம் முழுவதையும் வெளியேற்றிய பிறகே, வண்டி டயருக்குக் காற்று பார்க்கும் அளவியால் அதைப் பார்க்க வேண்டும். பம்பு ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக அது இருக்க வேண்டும். காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளிருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று பொருள். அந்தச் செலவு உரிமையாளருடையது, தயங்காமல் கேள்.

குளியலறைக் குழாய் ஒன்றை மட்டும் பாதி திறந்தால் ரீங்காரமிடுகிறது என்றாயே, அதற்கு வாஷரை மாற்றினாலே போதும்.

ஆங்கிள் காக்கை மூடிப் பார்த்ததும் மறுபடி ஒலிப்பதிவு செய்து அனுப்பு; பம்பின் பெயர்த்தகட்டையும் படமெடுத்து அதோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா