உச்சிப்புளியில் 25 பேருக்கு ஃப்ரூட் சாலட்

கீழக்கரை

அன்புள்ள மல்லிகா,

இங்கே அனைவரும் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில்தான். நாட்டுப்படகு மீன் மட்டும் வருகிறது, விலை கேட்கவே முடியவில்லை. ஆனால் சாயல்குடிப் பக்கத்திலிருந்து நுங்கு குலைகுலையாக இறங்கத் தொடங்கிவிட்டது.

மே மாதம் உச்சிப்புளியில் உன் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு 25 பேருக்கு ஃப்ரூட் சாலட் செய்ய வேண்டும், கஸ்டர்ட் ஊற்றலாமா என்று கேட்டிருந்தாய். ஊற்றாதே. இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் பால் சேர்ந்த எதுவும் பந்தி முடியும்வரை தாங்காது. தவிர, அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. பச்சையாகப் பாலில் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் கசப்பு ஏறிவிடும். கஸ்டர்டுதான் வேண்டும் என்று அண்ணி பிடிவாதம் பிடித்தால், அன்னாசியைச் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர். பப்பாளியை விட்டுவிடு.

கஸ்டர்டின் இடத்தில் இளநீர்க் கடல்பாசியை, அதாவது இளநீரில் கடல்பாசி கரைத்து உறையவைத்த கட்டியை, துண்டு போட்டுச் சேர். எங்கள் வீடுகளில் நோன்பு திறக்க வைப்போமே, அதேதான். கடையில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் தருவார்கள். மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான் இதற்கு மூலம். மிதவை கட்டி வளர்க்கிறார்களே, அந்தக் கப்பாபைகஸ் பாசி வேறு. அதில் கிடைப்பது கராஜீனன் என்ற வேறொரு கூழ்ப்பொருள். ஜெலட்டின் வாங்கிவிடாதே. அது விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து வருவது, சைவக்காரர்கள் தொடமாட்டார்கள். 30, 35 டிகிரியிலேயே இளகிவிடும், பச்சை அன்னாசி பட்டால் உறையவே உறையாது. கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே உறையும், உறைந்த பிறகு 85 டிகிரி வரை உருகாது. பந்தலில் வைத்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும்.

அளவு சொல்கிறேன். கடல்பாசி இழை 10 முதல் 12 கிராம். அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, 400 மில்லி நல்ல தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடு. ஓர் இழைகூடக் கண்ணில் படாமல் கரையவேண்டும். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார். சர்க்கரை 70 கிராம் அதன் பிறகுதான். முதலிலேயே போட்டால் இழை கரையத் தாமதமாகும். அடுப்பை அணைத்துவிட்டு 600 மில்லி இளநீரைச் சேர். இளநீரைக் கொதிக்கவைத்தால் மணம் போய்விடும், குளிர்ந்த இளநீரை ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே கட்டி தட்டும். அதனால் சாதாரணச் சூட்டில் இருக்கட்டும். எலுமிச்சைச் சாற்றை இதனோடு கொதிக்கவிடாதே, புளிப்பும் சூடும் சேர்ந்தால் உறையும் சக்தி குறைந்துவிடும். தட்டில் வடிகட்டி ஊற்றி, முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடு.

அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. பழம் கழுவ அது போதும். கடல்பாசிக்கும் பாகுக்கும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடு.

பழத்துக்கு வருகிறேன். தர்பூசணி இரண்டரைக் கிலோ, மாம்பழம் 2 கிலோ, பப்பாளி 1 கிலோ, அன்னாசி பெரிதாக ஒன்று, மாதுளை மூன்று, நுங்கு 30 சுளை. தோலும் கொட்டையும் போக, கடல்பாசியோடு சேர்த்து ஆறு கிலோ தேறும். ஆளுக்கு 240 கிராம், தாராளம். மாம்பழத்தில் பங்கனபள்ளி வாங்கு, வெட்டினால் துண்டு நிற்கும். இமாம்பசந்த் ருசியில் அதற்கு மேல்தான், ஆனால் கலவையில் குழைந்துவிடும். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து எடு. மேலெல்லாம் ஒரே மஞ்சளாக இருந்து மணமே இல்லையென்றால் கார்பைடு கல் வைத்ததாக இருக்கும், கொட்டை ஓரம் புளிக்கும். வாழைப்பழம் வேண்டாம், கறுத்துப்போய் மற்றதையும் கொழகொழப்பாக்கிவிடும்.

நுங்கைச் சுளையாக வாங்காதே, காயாக வாங்கு. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று சுளை இருக்கும், பத்துப் பன்னிரண்டு காய் போதும். அன்று காலையில் சீவச் சொல். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கவேண்டும். முற்றிக் கடுக்காயாகிவிட்டதை ஒதுக்கு, மெல்லவும் முடியாது, வயிற்றையும் வலிக்கும். மேல்தோலை முழுக்க உரித்துவிடு, அதில்தான் துவர்ப்பு. உரித்ததை வெறுமனே வைத்தால் காய்ந்து நிறம் மங்கும், கொஞ்சம் இளநீரில் போட்டுக் குளிர வை. இளநீர்க் காயின் வழுக்கையையும் கீற்றாக நறுக்கிக் கலந்துகொள்.

அடியில் தண்ணீர் நின்றுவிடுகிறது, ஏன் என்று எழுதியிருந்தாய். சர்க்கரையும் உப்பும் பழத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். வெட்டியவுடன் சர்க்கரை தூவி ஒரு மணி நேரம் வைத்தால் பழம் தொய்ந்து, கிண்ணம் குளமாகிவிடும். தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். அதைப் பொடியாக நறுக்காமல் ஓர் அங்குலத்துக்குக் குறையாத துண்டாகப் போட்டு, இருபது நிமிடம் சல்லடையில் வடியவிட்டுத் தனிப் பாத்திரத்தில் வை. வடிந்த சாற்றில் எலுமிச்சை பிழிந்து பிள்ளைகளுக்குக் கொடு. பழங்களை முழுசாகவே கழுவித் துடைத்து இரவெல்லாம் குளிரவைத்து, குளிர்ச்சியோடு வெட்டு. சூடான பழத்தை வெட்டிவிட்டுக் குளிரவைப்பதைவிட இதில் துண்டு கெட்டியாக இருக்கும். அன்னாசியும் மாதுளையும் காலையிலேயே ஆகலாம். மாம்பழம், பப்பாளி பரிமாற ஒரு மணி நேரம் முன்னால். தர்பூசணியைக் கலப்பது கடைசியில்.

இனிப்புக்குப் பனங்கற்கண்டு 150 கிராமை 150 மில்லி தண்ணீரில் கரைத்து, தட்டிய இஞ்சித் துண்டோடு ஒரு கொதி விட்டு வடிகட்டு. கற்கண்டில் தூசியும் நூலும் இருக்கும். நன்றாக ஆறியபின் நான்கு எலுமிச்சை பிழி. இதைப் பாத்திரத்தில் கொட்டாதே. கிண்ணத்தில் பரிமாறும்போது மேலாக இரண்டு, மூன்று டீஸ்பூன். கருப்பட்டி போட்டால் மணம் அருமைதான், ஆனால் எல்லாப் பழமும் ஒரே பழுப்பாகத் தெரியும். காரம் பிடித்தவர்களுக்கு நம் ஊர் முண்டு மிளகாய் வத்தலை வறுத்துப் பொடித்து, உப்புச் சேர்த்துத் தனிக் கிண்ணத்தில் வை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது அதற்கு. அன்னாசிக்கும் மாம்பழத்துக்கும் அவ்வளவு பொருத்தம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. மீனுக்குப் போடும் ஐஸ் பாறை அங்கே சுலபமாகக் கிடைக்கும். அதைப் பாத்திரத்துக்கு வெளியே, அகலமான அண்டாவில் உடைத்துப் போட்டு, கல்லுப்புத் தூவி, நடுவில் சாலட் பாத்திரத்தை இறக்கலாம். உருகிய தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. உண்பதற்கல்லாத ஐஸில் நீல நிறம் சேர்க்கவேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லியிருக்கிறது. கிடைப்பது வெள்ளையாக இருந்தாலும், தின்னலாம் என்று யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள். தர்பூசணி, பப்பாளி இரண்டிலும் புளிப்பு குறைவு, கிருமி சீக்கிரம் பெருகும். ஐஸில் இல்லாமல் வெளியே ஒரு மணி நேரம் இருந்ததை ராத்திரிக்கு என்று எடுத்துவைக்காதே, கொட்டிவிடு. அதனால் பாதியை மட்டும் முதலில் கலந்து வை. மீதி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், தீரத் தீரக் கலந்துகொள்ளலாம்.

தேதி முடிவானதும் ஒரு வாரம் முன்னால் சொல். நுங்குக்கும் இளநீருக்கும் சொல்லிவைக்கவேண்டும். கடல்பாசி நான் இங்கே வாங்கி, உச்சிப்புளி பஸ்ஸில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அண்ணி வீட்டு ஃப்ரிட்ஜில் எவ்வளவு இடம் இருக்கும் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
பாத்திமா