கை நுழைய இடம் விடுங்கள்

கார் கம்பெனிகளின் வடிவமைப்புப் பிரிவுகளில் பணியாற்றும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். என் வலது மணிக்கட்டில் மூன்று நீளக் கீறல்கள் இருக்கின்றன. வீட்டில் பூனை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் காரின் ஹெட்லைட் பல்பை மாற்றினேன், அவ்வளவுதான்.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றவர்களெல்லாம் "நல்லவேளை, நம்மைச் சொல்லவில்லை" என்று இங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். ஹெட்லைட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் பேட்டரிக்கும் நடுவே எத்தனை விரல்கடை இடம் விடுகிறீர்கள் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வரைந்தவர்களே நீங்கள்தானே.

அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழன் இரவு திருவண்ணாமலையிலிருந்து திருக்கோவிலூர் வழியாக விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தேன். வலது பக்க டிம் எப்போது போனதென்று தெரியவில்லை. நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். இடது விளக்கு போனாலாவது பரவாயில்லை. வலது போனால், எதிரே வருகிறவருக்கு ஓரத்தில் ஒரே ஒரு வெளிச்சம்தான் தெரியும். யாரோ பைக்கில் ஓரமாக வருகிறார்கள் என்று நினைப்பார். எதிரே வந்த லாரிக்காரரும் அப்படித்தான் நினைத்தார். முன்னால் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரை முந்துவதற்காக நிதானமாக என் பக்கம் ஏறினார். பைக்குக்குப் போதுமான இடத்தை எனக்கு விட்டிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை. நான் பதறிப்போய் பிரைட்டைத் தட்டினேன். என் காரில் இருக்கும் எச்-4 வகை பல்பில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை என்பதால் அந்த நொடியில் இரண்டு கண்ணும் விழித்துக்கொண்டன. லாரி டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கியது.

அங்கிருந்து வீடு வரை பிரைட்டிலேயே வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எதிரே வந்தவர்கள் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டியிருப்பார்கள். இனி எதிரே எவனாவது பிரைட்டை இறக்காமல் வந்தால் உடனே திட்டமாட்டேன். டிம் இழை போய், அதை மாற்ற வழி தெரியாமல் வருகிற ஆளாகவும் இருக்கலாம்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "அந்த மாடலுக்குப் பம்பரை இறக்கணும் சார். காலையில விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்றார்கள். பல்ப் 140 ரூபாய். அவர்கள் சொன்ன கூலிக்கு அதே பல்பைப் பெட்டி நிறைய வாங்கலாம். சரி, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று கையேட்டைப் புரட்டினேன். மொபைலைப் புளூடூத்தில் இணைக்க ஏழு பக்கம். ஹெட்லைட் பல்புக்கு ஒரே வரி: அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தை அணுகவும்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு பானெட்டைத் தூக்கினேன். பேட்டரியை எடுக்காமல் கை போகாது. 10 எம்எம் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ், அப்புறம் கிளாம்ப். கிளாம்ப் நட்டு வழுக்கிக் கீழே விழுந்தது, தரைக்கு வரவில்லை. அடித்தட்டில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இன்றைக்கும் என்னோடு ஊர் சுற்றுகிறது. பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே போனது மணிக்கட்டு வரைதான். சாக்கெட்டைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, அதற்குள் இருக்கும் கம்பிக் கிளிப்பை அமுக்கி, பக்கவாட்டில் தள்ளி விடுவிக்க வேண்டும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது. என் மகள் மொபைல் கேமராவைச் சந்துக்குள் நீட்டிக்கொண்டு "அப்பா, கொஞ்சம் மேல... அந்த மேல இல்லப்பா, இந்த மேல" என்று வழி சொன்னாள்.

புது பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகமாகச் சூடேறி, பல்ப் சீக்கிரம் போய்விடும். கண்ணாடியைத் தொடாமல், கண்ணால் பார்க்காமல், பல்பின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதும் விளக்கின் மூன்று பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். உட்கார்ந்தது என்று நினைத்துப் பேட்டரியை மாட்டி, விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இடது விளக்கு எதிர்ச் சுவரில் ஒழுங்காக விழுந்தது. வலது விளக்கு பக்கத்து வீட்டுத் தென்னையில் எத்தனை காய் என்று எண்ணிக்கொண்டிருந்தது. பல்ப் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. திரும்பவும் பேட்டரி, திரும்பவும் சந்து. முடிக்கும்போது மணி பன்னிரண்டேகால். பேட்டரியைக் கழற்றியதால் காரின் கடிகாரம் மட்டும் அன்றைய பொழுதை முதலிலிருந்து தொடங்கியிருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். கை நுழைய இடம் விடுங்கள்.

பானெட்டுக்குள் ஏசி, ஏபிஎஸ், இன்னும் என்னென்னவோ வந்துவிட்டன, இடம் எங்கே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் சில மாடல்களில் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் விளக்கு முழுசாக முன்னால் வந்துவிடுகிறது. வேறு சிலவற்றில் முன் சக்கரத்தின் மேல் வளைவில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை விட்டால் பல்ப். ஆக, முடியாத காரியமில்லை. யாரோ ஒருவர் வரையும்போது இதையும் யோசித்திருக்கிறார்.

ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைகளில் 48ஆம் எண் விதி, வண்டியோடு தரும் கருவிகளைத் தவிரத் தனிக் கருவி எதுவும் தேவைப்படாமல் பல்பை மாற்ற முடிய வேண்டும், மாற்றும் முறையை விவரமாக எழுதித் தரவும் வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் விற்கும் வண்டிகளுக்கு இந்த விதி உண்டு. கருவி வேண்டாம் என்கிறதே தவிர, தோல் உரியக் கூடாது என்று அதிலும் எழுதவில்லைதான். இங்கேயும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, அதே டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. இணையதளம் வந்துவிட்டது. கைதான் இன்னும் உள்ளே போகவில்லை.

என் சித்தப்பா அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். வழியில் லைட் போனால் ஸ்க்ரூ டிரைவரால் முன் வளையத்தை நெம்புவார், பல்பை மாற்றுவார், டீ ஆறுவதற்குள் வந்து குடிப்பார். அந்த வண்டிக்கு வேறு ஆயிரம் குறை உண்டு, அது வேறு கதை. இப்போது எல்இடி விளக்கு வந்துவிட்டது, பல்பே மாற்ற வேண்டாம் என்கிறீர்கள். ஆமாம், பல்பை மாற்ற வேண்டாம். போனால் பெரும்பாலும் மொத்த விளக்கையே மாற்ற வேண்டும். மொபைலில் பேட்டரியைக் கழற்ற விடமாட்டோம் என்றார்கள், சரி என்றோம். நாளைக்கு டயருக்குக் காற்றடிக்கவும் அங்கீகாரம் வாங்கச் சொல்வீர்களோ என்னவோ. விளம்பரத்தில் மட்டும் கழுகுக் கண், சிறுத்தைக் கண் என்று விளக்கை அரை நிமிடம் காட்டுகிறீர்கள். பின்பக்கத்தையும் ஒரு தடவை காட்டுங்களேன். ஒத்த லைட்டோடு போனால் அபராத ரசீது எனக்குத்தான் வருகிறது, உங்களுக்கு இல்லை.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அடுத்த மாடலை வரையும்போது, வரைந்தவரே ஒரு தடவை தன் கையால் பல்பை மாற்றிப் பார்க்கட்டும். ஏசி அறையில் வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு, சாலையோரம், ஒரு மொபைல் வெளிச்சத்தில். கையேட்டில் அந்த ஒரு வரிக்குப் பதிலாகப் படத்தோடு ஒரு பக்கம், தமிழிலும் போடுங்கள். முக்கியமாக, கை நுழைய இடம் விடுங்கள்.

இடது பக்க பல்புக்கும் அதே வயதுதான். அதுவும் இன்றோ நாளையோ போய்விடும். புது பல்பை வாங்கி டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஏர் ஃபில்டர் பெட்டி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்,
விழுப்புரம்