ஆணித் துளை சொன்ன ஆண்டு

கண்ணம்மாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். ஜப்பானில், மட்சுவேயில் உன்னோடு இருந்த மூன்று வாரத்தில் நாலு தடவை அந்த ஊர்க் கோட்டைக்குப் போய்விட்டேன் என்று உனக்கு வருத்தம், கிளம்புகிற அன்றைக்குக்கூட "அப்படி என்னதான்பா இருக்கு அங்கே?" என்று கேட்டாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை, இப்போது எழுதுகிறேன்.

நாற்பது வருடம் மரவேலை பார்த்தவன் கண் முதலில் தூணுக்குத்தானே போகும். அங்கே பெரிய மரக் கோபுரத்தில் பல தூண்களைச் சுற்றிப் பலகை வைத்து, இரும்புப் பட்டையால் இறுக்கியிருக்கிறார்கள். முழுத் தூணும் இரண்டு தளத்து உயரம்தான், ஆனால் உள்ளே ஐந்து தளம், கீழே நிலவறை ஒன்று. அடியிலிருந்து உச்சிவரை ஒரே மரமாக நிறுத்தாமல் தூண்களை மாற்றி மாற்றி நிறுத்திப் பாரத்தைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். அந்த வேலையைப் பார்த்துவிட்டு என்னால் சட்டென்று வெளியே வர முடியவில்லை அம்மா.

கட்டியவர் ஹோரியோ யோஷிஹாரு என்ற பிரபு. அவர் குடும்பத்துக்கு முதலில் கிடைத்தது உள்ளே தள்ளி, மலைமேல் இருந்த கஸ்ஸான் தோதா கோட்டை. சண்டைக்கு நல்ல இடம், ஆனால் ஊர் வளர நிலம் இல்லை, சரக்கு ஏற்றி இறக்கத் தண்ணீர் வழியும் இல்லை. அதனால்தான் ஷின்ஜி ஏரிக்கரைக்கு வந்தார்கள். ஏரிக்கும் நகாஉமி என்ற உப்பங்கழிக்கும் நடுவே ஓஹாஷி ஆறு, அதன் வழியாகத்தான் கடலின் உப்பும் ஏரிக்குள் ஏறுகிறது. நீ காலையில் வைத்துக் கொடுத்த ஷிஜிமி மட்டி சூப்புக்கு அந்தக் கலந்த தண்ணீர்தான் காரணம்.

ஆனால் அன்றைக்கு அது சதுப்பு. 1607-ல் வேலை தொடங்கி, கோட்டைக் குன்றுக்கு வடக்கே இருந்த மேட்டை வெட்டி அகழி ஆக்கி, அந்த மண்ணைக் கொட்டித்தான் ஊருக்கு நிலம் எடுத்தார்கள். சாமுராய் வீடுகள் வரிசையாக இருக்கிற ஷியோமி நாவதே, நீ சைக்கிளில் போகிற தெரு, அப்படி வெட்டிய இடத்தில்தான் இருக்கிறது. ஊரில் வேறு சில தெருக்கள் நேராகப் போகாமல் முட்டி முட்டித் திரும்புகின்றன என்று அலுத்துக்கொள்வாயே, உள்ளே வரும் எதிரிக்கு முன்னால் இருப்பது தெரியக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிப் போட்டது. அகழியில் படகில் போனபோது, தாழ்வான பாலம் வந்ததும் படகுக் கூரையை இறக்கிவிட, நாம் இருவரும் குனிந்து கிடந்தோமே, அதே தண்ணீர்தான்.

யோஷிஹாருவின் மகன் 1604-லேயே போய்விட்டார். பேரன் சின்னப் பையன். பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் இந்த வேலையை எடுத்துச் செய்த மனிதர் 1611-ல் இறந்தார். 1633-ல் பேரனும் வாரிசில்லாமல் போக, கோட்டை கைமாறி, 1638-ல் மாட்சுதைரா வம்சத்துக்கு வந்து 1871 வரை அவர்களிடம் இருந்தது.

அப்புறம்தான் எனக்கு நெஞ்சு அடைத்த சங்கதி. 1875-ல் கோட்டைக் கட்டடங்களை இடிக்க ஏலம் விட்டபோது இந்தப் பெரிய கோபுரத்துக்கு விலை 180 யென். கத்சுபே மோதோஎமோன் என்ற விவசாயியும் தகாகி கொன்பச்சி என்ற பழைய சாமுராயும் அந்தப் பணத்தைத் திரட்டிக் கட்டி, இடிக்காமல் நிறுத்தினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் பார்த்த ஒரு தூணும் இல்லை, விறகாகப் போயிருக்கும்.

கட்டி முடித்த ஆண்டுக்குச் சான்று வெகுகாலம் கையில் இல்லை. 2012-ல் பக்கத்திலிருக்கும் மட்சுவே கோயிலில் 1611 என்று காட்டும் வேண்டுதல் பலகைகள் இரண்டு கிடைத்தன. அந்தப் பலகையின் ஆணித் துளையும் நிலவறைத் தூணிலிருந்த ஆணித் துளையும் பொருந்தின. அதை வைத்துத்தான் 2015-ல் கோபுரம் தேசியப் பொக்கிஷம் ஆனது. நானூறு வருடத்துக்கு முன் ஒரு தச்சன் அடித்த ஆணி, கண்ணு!

நான் நிலவறையில் கிணற்றைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், நேரமாகிவிட்டது என்று மேலே அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவுதானே, ஒரு தடவை போய் அந்தத் தூணைக் கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பு. துளை தெரிகிற மாதிரி எடு.

அப்பா