ஸ்க்ரூ மடிச்ச பேப்பர்ல கிடைச்ச நியூஸ்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நான் 20 வருஷத்துக்கு மேல எலக்ட்ரிகல் கடை வச்சிருக்கேன். காலைல எட்டு மணிக்கு ஷட்டர தூக்குனா மொத ஒரு மணி நேரம் ஒயர்மேன்ங்க கூட்டம்தான், அண்ணே ஒன்றரை ஸ்கொயர் ரெண்டு காயில் போடுங்க, மெட்டல் பாக்ஸ் நாலு, அந்த எம்சிபி வந்துருச்சான்னு ஆளாளுக்கு கேட்டுட்டு நிப்பாங்க. இதுல முக்காவாசி பேரு பத்தாவதோட நின்னவங்க, யாரோ ஒருத்தருக்குப் பின்னாடி சுவத்துல காடி வெட்டப் போயி அப்படியே தொழில் கத்துக்கிட்டவங்க. வேலை சுத்தமா இருக்கும், ஆனா கையில ஒரு பேப்பர் இருக்காது.

அப்படி ஒரு தம்பி, வயசு 41. கம்பெனி மெயின்டனன்ஸ்ல ஆள் எடுக்குறாங்கன்னு போனா சர்டிபிகேட் எங்கன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. ஐடிஐல சேரலாமான்னு பாத்தா ஆம்பளைங்களுக்கு 40 வயசோட கதவ சாத்திடுறாங்க. (பொம்பளைங்களுக்கு வயசு வரம்பே கிடையாது, இதுவும் பல பேருக்கு தெரியாது, தெரிஞ்ச பொண்ணுங்க யாராவது இருந்தா சொல்லுங்க.) சரி ஐடிஐல எடுத்தாலும் ரெண்டு வருஷம் எலக்ட்ரீசியன் கோர்ஸ்ல உக்காந்துட்டா வீட்டுல அடுப்பு யாரு எரிப்பா.

நான்தான் அவர வேலைவாய்ப்பு ஆபீசுக்கு போயி கேட்டுப் பாருன்னு அனுப்பிச்சேன். இப்ப அந்த ஆபீஸ் பேரே மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். போர்டுலயே வழிகாட்டும்னு இருக்கேன்னு நம்பி ஒரு நாள் கூலிய விட்டுட்டு போனாரு. ஜன்னல்ல கேட்ட மொத கேள்வி, ரினீவலா புதுப் பதிவா? ரெண்டும் இல்ல சார், நான் 18 வருஷமா ஒயரிங் பண்றேன், இதுக்கு ஏதாவது பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்க முடியுமான்னு கேட்டிருக்காரு. டிஎன்பிஎஸ்சி இலவச வகுப்பு நோட்டீச கையில குடுத்து அனுப்பிட்டாங்க. குரூப் 4 எழுதச் சொல்லி! அந்த நோட்டீச என்கிட்ட காட்டி அவரே சிரிச்சாரு, எனக்குத்தான் சிரிப்பு வரல.

இது நடந்து ஒரு மாசம் இருக்கும். கடையில ஸ்க்ரூ மடிக்க பழைய பேப்பர் கிழிக்கிறப்ப ஒரு மூலையில கட்டை விரல் அளவுக்கு ஒரு நியூஸ், மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம்னு. ஒயரிங் வேலையில 5 வருஷத்துக்கு குறையாம அனுபவம் இருக்கணும், 21 வயசு முடிஞ்சிருக்கணும், மேல வயசு வரம்பு இல்ல. அந்தத் தம்பிக்குன்னே எழுதின மாதிரி இருந்துச்சு. கடைசி தேதி பாத்தா முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. பேப்பர் யாருதுன்னு பாத்தா சார், உங்களோடதுதான்.

அப்புறம் விசாரிச்சா இன்னொன்னும் தெரிஞ்சுது, ஐடிஐ உள்ளயே போகாம ஐடிஐ பசங்க படிப்பு முடிக்கிறப்ப எழுதுற அகில இந்திய தொழிற்தேர்வ, வேலை அனுபவத்த வச்சு தனித்தேர்வரா எழுதவும் வழி இருக்கு. இந்த சர்டிபிகேட் வந்துட்டா எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு நான் சொல்லல, காண்ட்ராக்டர் லைசென்ஸ் எல்லாம் வேற கதை. ஆனா ஒரு படி ஏறலாம்ல.

ஸ்கூல் பசங்களுக்கு கவர்மென்ட் செய்யறத நான் குறை சொல்லல. 2022 மார்ச்சுல நான் முதல்வன் ஆரம்பிச்சாங்க, கல்லூரிக் கனவுன்னு பிளஸ் டூ புள்ளைங்கள கூட்டி வச்சு என்ன படிக்கலாம்னு சொல்றாங்க, ஐடிஐ பசங்களுக்கு மாசம் 750 ரூபா, சைக்கிள், பஸ் பாஸ் குடுக்குறாங்க, 71 கவர்மென்ட் ஐடிஐக்கு புது மெஷின் எல்லாம் வந்துச்சு. நல்லதுதான், என் பொண்ணே அந்த கல்லூரிக் கனவுக்கு போயிட்டு வந்தா. ஆனா 18 வயசுல படிப்ப விட்டவனுக்கு அதுக்கப்புறம் யாரு வழி சொல்றது? 35, 40 வயசு ஆளுக்கு இருக்குற வழிய சொல்றதுக்கு ஒரு ஆள் இல்லன்னா அந்த வழி இருந்தும் இல்லாத மாதிரிதான.

பெரிய திட்டம் எதுவும் நான் கேக்கல. இந்த தேர்வு நோட்டீச கலெக்டர் ஆபீஸ் பலகையில ஒட்டுறதோட விடாம எலக்ட்ரிகல் கடை, ஹார்டுவேர் கடை, பெயிண்ட் கடை, வெல்டிங் பட்டறைக்கு ஆளுக்கு ஒண்ணு அனுப்பட்டும், நாங்க சும்மாவே ஒட்டி வைப்போம். வழிகாட்டும் மையத்துல மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமையாவது, வேலைக்குப் போற ஆளுங்களுக்குன்னு ஒருத்தர் உக்காரட்டும். ரினீவல் பண்ற அதே ஜன்னல்ல இதையும் கேக்கச் சொன்னா பின்னாடி நிக்கிறவன் தள்ளத்தான் செய்வான்.

அந்த கிழிச்ச பேப்பர கல்லாப்பெட்டி கண்ணாடியில ஒட்டி வச்சிருக்கேன். வர்றவங்க குனிஞ்சு படிச்சுட்டு, முடிஞ்சு போச்சேண்ணே, அடுத்தது எப்பன்னு கேக்குறாங்க. இதுவரைக்கும் 11 பேரு போன் நம்பர் எழுதிக் குடுத்துருக்காங்க, மொத பேரு அந்தத் தம்பியோடது. அடுத்த அறிவிப்பு வந்ததும் கொஞ்சம் பெரிய எழுத்துல, கடைசி தேதிக்கு முன்னாடியே போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு எலக்ட்ரிகல் கடைக்காரர்